தொகை எழுதாத புரோநோட்டு

வெர்சாய் அரண்மனையில் 1919 ஜூன் 28 அன்று, முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி கையெழுத்திட்ட சமாதான ஒப்பந்தத்தில் ஆடுகளுக்குக்கூடக் கணக்கு உண்டு. பிரான்சுக்கு 10,000 வெள்ளாடு, ஒரு லட்சம் செம்மறி, 1,000 கிடா, 90,000 கறவை மாடு, 2,000 காளை, 500 பொலிகுதிரை, 30,000 பெட்டைக்குதிரை. கறவை மாட்டுக்கு வயது இரண்டுக்கும் ஆறுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். பெல்ஜியத்துக்குத் தனிப் பட்டியல். அதில் 15,000 பெண் பன்றிகளும் அடக்கம். லூவன் நகரில் ஜெர்மன் படை எரித்த பல்கலைக்கழக நூலகத்துக்கு ஈடாகப் புத்தகங்கள். பெர்லின் அருங்காட்சியகத்தில் இருந்த வான் ஐக் சகோதரர்களின் ஓவியப் பலகைகள். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஹெஹே மக்களுடைய தலைவர் முக்வாவாவின் மண்டை ஓடு. (அது 1954-இல்தான் ஊர் திரும்பியது.) மொத்தம் 440 பிரிவுகள்.

அதில் இல்லாத எண் ஒன்றே ஒன்று: ஜெர்மனி மொத்தமாக எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பது.

ஆட்டை எண்ணத் தெரிந்தவர்களுக்குப் பணத்தை எண்ணத் தெரியாமல் போகவில்லை. பாரிசில் நிதி நிபுணர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆறு மாதம் உட்கார்ந்து பேசிவிட்டுத் தொகைக்கான இடத்தை வெறுமையாக விட்டார்கள். வட்டிக்கடைக்காரர் புரோநோட்டில் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தொகையைப் பிறகு எழுதிக்கொள்கிறேன் என்று சொல்வதுண்டே, அந்த ஏற்பாடுதான். ஒரு வித்தியாசம்: வட்டிக்கடைக்காரர் கடனாளியை ஏமாற்றுவதற்காக வெறுமையாக விடுவார். இங்கே வென்றவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டது தங்கள் சொந்த வாக்காளர்களுக்குப் பயந்து. அந்தத் தொகையின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தால், பெரிய போருக்குப் பிறகான பேரம் யார் யாருக்கு இடையில் நடக்கிறது என்பது தெரியும்.

தோற்றவனிடம் பணம் வாங்குவது பிரான்சுக்குப் புதிது இல்லை. கொடுத்துப் பழக்கம் இருந்தது. 1871-இல் பிரஷ்யாவிடம் தோற்றபோது பிராங்க்பர்ட் ஒப்பந்தப்படி 500 கோடி பிராங்க் கட்டினார்கள். கட்டி முடிக்கும்வரை ஜெர்மன் படை பிரெஞ்சு மண்ணில் இருக்கும் என்பது நிபந்தனை. 1873 செப்டம்பரிலேயே, கெடுவுக்கு முன்பே, கடைசித் தவணை போய்ச் சேர்ந்துவிட்டது. ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டது 1871 ஜனவரி 18 அன்று, அதே வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில். பாரிஸ் சமாதான மாநாடு தொடங்கியதும் ஒரு ஜனவரி 18 அன்றுதான். நாள் குறித்தவர்களுக்கு ஞாபகமறதி கிடையாது. ஜெர்மனியும் இந்த வழக்கத்துக்குப் புறம்பாக நிற்கவில்லை. 1918 ஆகஸ்டில், தன் தோல்விக்கு மூன்று மாதம் முன்பு, ரஷ்யாவிடம் 600 கோடி மார்க் கேட்டு எழுதி வாங்கியிருந்தது.

1919-இல் புதிதாக வந்தவை இரண்டு: தொகையின் அளவு, தேர்தல்.

போர்நிறுத்தத்துக்கு ஆறு நாள் முன்பு, 1918 நவம்பர் 5 அன்று, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங் ஜெர்மனிக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். தரை, கடல், வான் வழியாக ஜெர்மனி நடத்திய தாக்குதலில் நேச நாடுகளின் குடிமக்களுக்கும் அவர்கள் சொத்துக்கும் ஏற்பட்ட சேதத்துக்கு ஈடு தர வேண்டும் என்றது அது. குடிமக்களுக்கு ஏற்பட்ட சேதம் மட்டும். போர் நடத்திய செலவு இல்லை. ஜெர்மனி ஆயுதத்தைக் கீழே வைத்தது இந்த வாக்கை நம்பி. அப்படியே நின்றிருந்தால் பணத்தின் பெரும்பகுதி பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் போயிருக்கும். போர் உழுதுபோட்ட வயல்களும் பின்வாங்கும்போது ஜெர்மானியர் வெள்ளம் விட்டு மூழ்கடித்த லான்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களும் அவர்களுடையவை. பிரிட்டனுக்கு மூழ்கிய கப்பல்களும் வான்தாக்குதல் சேதமும்தான் கணக்கில் வரும்.

அடுத்த மாதமே பிரிட்டனில் பொதுத்தேர்தல். ஜெர்மனி என்ற எலுமிச்சம்பழத்தை விதை கீச்சிடும்வரை பிழிவோம் என்று அமைச்சர் எரிக் கெடிஸ் கேம்பிரிட்ஜில் முழங்கினார். பிரதமர் லாயிட் ஜார்ஜ் இவ்வளவு பச்சையாகப் பேசவில்லை. ஆனால் ஒரு குழு போட்டார். தலைவர் ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ். உறுப்பினர்களில் ஒருவர் இங்கிலாந்து வங்கியின் முன்னாள் ஆளுநர் கன்லிஃப் பிரபு. அவர்கள் சொன்ன தொகை 2,400 கோடி பவுண்ட். அதாவது போர்ச் செலவு முழுவதும். நிதித்துறையில் இருந்த கெய்ன்ஸ் என்ற இளைஞரும் அவர் சகாக்களும் போட்ட கணக்கு வேறு: 200 கோடி பவுண்ட் கைக்கு வந்து சேர்ந்தாலே பெரிய காரியம். ஒரே நாடு, ஒரே கடனாளி, இரண்டு கணக்குக்கும் இடையே பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். அந்தப் பிரிட்டன்தான் பாரிசுக்கு வந்தது.

1919 மார்ச்சில் ஒரு வாய்ப்பு வந்தது. பகிரங்கக் குழுக்களில் முடிவு வராது என்று புரிந்துகொண்டு மூன்று பேரை ரகசியமாக உட்கார வைத்தார்கள். அமெரிக்கர் நார்மன் டேவிஸ், பிரெஞ்சு அமைச்சர் லூயி லூஷேர், பிரிட்டன் தரப்பில் எட்வின் மாண்டேகு. இந்த மாண்டேகுதான் அப்போது இந்தியாவுக்கான அமைச்சர். அந்த ஆண்டே மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தச் சட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர். மூவரும் சேர்ந்து ஒரு தொகை சொன்னார்கள்: 12,000 கோடி தங்க மார்க், அதில் பாதியை ஜெர்மன் நாணயத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். தனியறையில் மூன்று நாட்டு ஆட்கள் ஒத்துப்போக முடிந்தது என்பதே பெரிய செய்தி. வெளியில் பிரெஞ்சு அரசின் குரலாக நிதியமைச்சர் குளோட்ஸ் கடைசி சென்டீம் வரை கேட்டுக்கொண்டிருந்த அதே வாரங்களில், உள்ளே லூஷேர் இறங்கி வரத் தயாராக இருந்தார்.

லாயிட் ஜார்ஜ் அந்தத் தொகையைத் தொடவில்லை. மாண்டேகு இருந்த இடத்தில் கன்லிஃப் பிரபுவையும், நீதிபதி சம்னர் பிரபுவையும் வைத்தார். ஒன்றாகவே நடமாடி ஒன்றாகவே பெரிய தொகைகளைச் சொல்லிக்கொண்டிருந்த இந்த இருவரையும் தூதுக்குழுவினர் தேவலோக இரட்டையர் என்று கேலி செய்தார்கள். லாயிட் ஜார்ஜ் இவர்களை நம்பினாரா என்பது சந்தேகம். தொகை சிறியதாக முடிந்தால், ஊரில் காட்டுவதற்கு இவர்கள் கையெழுத்து அவருக்குத் தேவைப்பட்டது. இவர்களோ கையெழுத்துப் போட மறுத்தார்கள்.

பிரிட்டனின் பங்கைப் பெருக்க வேறு வழி வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் தென்னாப்பிரிக்காவின் யான் ஸ்மட்ஸ், காந்தியைச் சிறையில் போட்டவர் என்று நாம் அறிந்த அதே ஜெனரல். மார்ச் 31 தேதியிட்ட ஒரு குறிப்பில் அவர் வாதித்தது இது: படையிலிருந்து விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பிய சிப்பாய் மறுபடி குடிமகன்தான். ஆகவே ஊனமுற்றவனுக்கும் கைம்பெண்ணுக்கும் அரசு தரும் ஓய்வூதியம், போர்க்காலத்தில் மனைவிமாருக்குத் தந்த படி எல்லாமே குடிமக்களுக்கு ஏற்பட்ட சேதம். வக்கீல் மூளை. லான்சிங் குறிப்பு வாசலில் நிறுத்தி வைத்திருந்த போர்ச் செலவில் ஒரு பெரும்பகுதி இந்தப் பக்கக் கதவு வழியாக உள்ளே வந்துவிட்டது. கோரிக்கை ஏறக்குறைய இரு மடங்காயிற்று.

அடுத்த நாள், ஏப்ரல் 1, அமெரிக்க ஆலோசகர்கள் அதிபர் வில்சனிடம் சென்று, தர்க்கப்படி இது நிற்காது என்றார்கள். தர்க்கம் எக்கேடு கெட்டாலும் எனக்குக் கவலையில்லை, ஓய்வூதியத்தைச் சேர்க்கப் போகிறேன் என்றாராம் வில்சன். அங்கிருந்த வங்கியாளர் தாமஸ் லாமண்ட் பிற்பாடு எழுதி வைத்தது இது. வில்சனைப் பொறுத்தவரை மொத்தத்தொகை எப்படியும் ஜெர்மனியின் சக்திக்கு உட்பட்டு ஒரு வரம்பில் நின்றுவிடும். ஓய்வூதியம் அதைப் பிரிட்டனும் பிரான்சும் பிரித்துக்கொள்ளும் விகிதத்தை மட்டுமே மாற்றும். வரம்பு வரும் என்று நம்பியதுதான் அவர் பிழை.

இந்த இழுபறிக்கு நடுவில் ஒரு முப்பத்தோரு வயது வக்கீல் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பெயர் ஜான் பாஸ்டர் டல்லஸ், லான்சிங் மனைவியின் சகோதரி மகன். பிரான்சும் பிரிட்டனும் முழுச் செலவையும் கேட்கின்றன. அமெரிக்கா குடிமக்கள் சேதம் மட்டுமே என்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் அடைக்க அவரும் டேவிஸும் ஒரு வழி கண்டார்கள். ஒரு பிரிவில், எல்லா இழப்புக்கும் சேதத்துக்கும் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்று கொள்கையளவில் எழுதிவிடுவது. அடுத்த பிரிவிலேயே, அவ்வளவையும் கட்ட அவர்களிடம் வசதி இல்லை என்பதை ஏற்று, இன்னின்ன வகைச் சேதத்துக்கு மட்டும் கட்டினால் போதும் என்று சுருக்கிவிடுவது. முதலாவது 231-ஆம் பிரிவு, இரண்டாவது 232. லாயிட் ஜார்ஜும் பிரெஞ்சுப் பிரதமர் கிளமான்சோவும் 231-ஐ ஊருக்குக் காட்டலாம். ஜெர்மனி 232-இன்படி கட்டலாம். உள்ளூர் வாக்காளனை ஆற்றுவதற்காக எழுதிய அந்த 231-ஐத்தான் ஜெர்மனி தன் நெற்றியில் குத்திய பச்சையாக எடுத்துக்கொண்டது. அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்நாட்டின் எல்லாக் கட்சி மேடைகளிலும் அந்தப் பிரிவு எரிந்தது.

மிச்சம் இருந்தது தொகை. ஏப்ரல் 3 அன்று வில்சன் காய்ச்சலில் படுத்தார். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலித் தலைவர்கள் கூடும் நால்வர் கூட்டத்தில் அவருக்குப் பதிலாக அவர் ஆலோசகர் கர்னல் ஹவுஸ் உட்கார்ந்தார். முப்பது ஆண்டில் கட்டக்கூடியது எவ்வளவோ அவ்வளவுதான் என்ற வரம்பை அமெரிக்க நிபுணர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 5-ஆம் தேதிக் கூட்டத்தில் ஹவுஸ் அதை விட்டுக்கொடுத்தார். சில நாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட தந்தி ஒன்று லாயிட் ஜார்ஜுக்கு வந்தது: முழுக் கணக்கையும் நீட்டுவதாகத் தேர்தலில் சொன்னீர்களே, மறந்துவிடாதீர்கள். இனி எந்தத் தொகையைச் சொன்னாலும் ஊரில் ஆட்சி ஆடும். கிளமான்சோவுக்கும் அதே நிலைமை. ஆக, 1921 மே 1-க்குள் ஓர் இழப்பீட்டு ஆணையம் தொகையை முடிவு செய்யும், அதுவரை முன்பணமாக 2,000 கோடி தங்க மார்க் பெறுமானம் கொடுக்க வேண்டும் என்று எழுதி முடித்தார்கள்.

ஜெர்மானியரை இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. மே 7 அன்று டிரையனான் பேலஸ் ஓட்டலில் அவர்களை வரவழைத்து, தடித்த புத்தகமாக அச்சிட்டிருந்த ஒப்பந்தத்தைக் கொடுத்தார்கள். கணக்குத் தீர்க்கும் நேரம் வந்துவிட்டது என்றார் கிளமான்சோ. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் பிராக்டார்ஃப்-ரன்ட்ஸாவ் எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே பதில் வாசித்தார். வென்றவர்கள் கொதித்துப் போனார்கள். நேரில் பேச்சு கிடையாது; சொல்ல வேண்டியதைப் பதினைந்து நாளில் எழுதித் தரவேண்டும். வெளிப்படையாக ஒன்று சொல்ல வேண்டும்: இது ஆணவத்தால் மட்டும் நடந்தது இல்லை. நான்கு பேர் மூச்சுமுட்டப் பேசிக் கட்டிய சமரசம் அது. ஜெர்மானியரை மேசையில் உட்கார வைத்து ஒரு செங்கல்லை உருவவிட்டால் மொத்தமும் சரியும் என்பது அந்த நால்வருக்கும் தெரியும்.

மே 29 அன்று ஜெர்மனி எழுத்தில் ஒரு தொகை சொன்னது: 10,000 கோடி தங்க மார்க், வட்டி இல்லாமல், பல நிபந்தனைகளோடு. வட்டியில்லாமல் பல பத்தாண்டு இழுக்கும் 10,000 கோடியின் இன்றைய மதிப்பு அதில் சிறு பகுதிதான். வென்றவர்கள் ஏற்கவில்லை. ஜூன் தொடக்கத்தில் லாயிட் ஜார்ஜுக்கே மனம் கலங்கிச் சில திருத்தங்கள் கேட்டார். கையெழுத்துக்குப் பிறகு நான்கு மாதத்துக்குள் நீங்களே ஒரு மொத்தத்தொகை சொல்லிப் பாருங்கள் என்ற ஒரு சலுகை கிடைத்தது. ஜெர்மனியில் ஷைடமான் அமைச்சரவை கையெழுத்திட மாட்டேன் என்று விலகியது. புதிய அரசின் சார்பில் ஹெர்மன் முல்லரும் யோஹானஸ் பெல்லும் கண்ணாடி மண்டபத்துக்கு வந்து பேனாவை எடுத்தார்கள்.

இந்தியாவின் சார்பில் அன்று கையெழுத்திட்டவர்கள் பிகானேர் மகாராஜா கங்கா சிங்கும், மாண்டேகுவும். மார்ச்சில் ஒரு தொகையைக் கண்டுபிடித்த மனிதர் ஜூனில் தொகையே இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கெய்ன்ஸ் அதற்குள் ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். சமாதானத்தின் பொருளாதார விளைவுகள் பற்றிய அவர் புத்தகம் டிசம்பரில் வந்து உலகமெங்கும் விற்றது. கேட்ட தொகையை ஜெர்மனியால் கட்ட முடியாது என்ற அவர் வாதத்துக்கு மிக வலுவான மறுப்பை எழுதியவர் எட்டியன் மான்டூ. நால்வர் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த பால் மான்டூவின் மகன். ஜெர்மனியால் கட்ட முடிந்திருக்கும், கட்ட மனம் இல்லை என்பது அவர் வாதம். 1945 ஏப்ரலில், இரண்டாம் போர் முடியச் சில நாள் இருக்கையில் பவேரியாவில் போர்முனையில் இறந்தார். புத்தகம் மறு ஆண்டு வந்தது. வரலாற்றாசிரியர்கள் இன்றும் இந்த இருவருக்கும் நடுவில்தான் எங்காவது நிற்கிறார்கள்.

தொகை இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் அமெரிக்க செனட் ஒப்பந்தத்தை நிராகரித்துவிட்டது. வரம்பு போடச் சொன்ன ஒரே பெரிய குரல் ஆணையத்தில் இல்லாமல் போயிற்று. 1920 ஜூலையில் பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் கூடி, எவ்வளவு என்று தெரியாத தொகையில் யாருக்கு எத்தனை பங்கு என்று பிரித்தார்கள்: பிரான்சுக்கு 52 விழுக்காடு, பிரிட்டிஷ் பேரரசுக்கு 22, இத்தாலிக்கு 10, பெல்ஜியத்துக்கு 8, மற்றவர்களுக்கு மிச்சம். பேரரசின் 22-ஐ மறு ஆண்டு லண்டனில் உறுப்பு நாடுகள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டபோது, பிரிட்டனுக்கு அதில் 86 விழுக்காட்டுக்கும் மேல், இந்தியாவுக்கு 1.2. ஜெர்மனியின் எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு அருகே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கடல்கடந்து போனது எல்லாம் அந்த 1.2-க்குள்.

கடைசியில் 1921 ஏப்ரல் 27 அன்று ஆணையம் தொகையை அறிவித்தது. பிரான்சும் இத்தாலியும் அதிகம் கேட்டன, பிரிட்டன் குறைவாகக் கேட்டது. பெல்ஜியம் நடுவில் நிறுத்தியது. 13,200 கோடி தங்க மார்க். பள்ளிப் புத்தகங்களில் எல்லாம் வரும் எண் இதுதான். ஆனால் மே 5 அன்று லண்டனிலிருந்து ஜெர்மனிக்குப் போன கட்டண அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால், தொகை மூன்று வகைக் கடன் பத்திரங்களாக உடைந்து கிடக்கிறது. ‘ஏ’ வகை 1,200 கோடி. ‘பி’ வகை 3,800 கோடி. ‘சி’ வகை 8,200 கோடி. முதல் இரண்டுக்குத்தான் வட்டியும் தவணையும். ‘சி’ பத்திரங்களை ஜெர்மனிக்குச் சக்தி வந்துவிட்டது என்று ஆணையம் கருதும் நாளில் வெளியிடுவார்களாம். அதுவரை அவற்றுக்கு வட்டி கிடையாது. அந்த நாள் வராது என்பது அட்டவணையை எழுதியவர்களுக்குத் தெரியும். மெய்யான கோரிக்கை 5,000 கோடி. மீதி 8,200 கோடி பாரிஸ், லண்டன் பத்திரிகைகளுக்காக எழுதியது. நிபுணர்கள் 1919-இல் தனியறையில் பேசிய தொகைகளை விட அந்த 5,000 கோடி பெரியதும் இல்லை.

இந்த உபாயம் வென்ற நாட்டு மக்களை ஓரளவு ஆற்றியது. ஆனால் அதைப் படித்தவர்களில் ஜெர்மானியரும் உண்டு. அவர்கள் தங்களைக் கட்டச் சொன்னது 13,200 கோடி என்றே நம்பினார்கள். நம்ப விரும்பினார்கள் என்றும் சொல்லலாம். அங்கே எந்த அரசியல்வாதிக்கும், உண்மைத் தொகை 5,000 கோடிதான் என்று விளக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. பிரான்சிலோ, போர் அழித்த வட மாவட்டங்களைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்; ஜெர்மனியிடம் வசூலாகும் செலவு என்று அதற்குத் தனி வரவுசெலவுத் திட்டமே போட்டிருந்தார்கள்.

முதல் 100 கோடி 1921 ஆகஸ்டில் வந்தது. அதன் பிறகு கெடு, கெடு நீட்டிப்பு, பாதிக் கட்டணம். பணத்தில் ஒரு பெரும்பகுதி நிலக்கரியாகவும் மரமாகவும்தான் போயிற்று. 1922 டிசம்பரில் தந்திக்கம்பங்களும் மரமும் சொன்னபடி வரவில்லை, 1923 ஜனவரியில் நிலக்கரியும் குறைந்தது என்று ஆணையம் தீர்ப்பளிக்க, ஜனவரி 11 அன்று பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கில் நுழைந்தன. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பெர்லின் நோட்டடித்து அவர்களுக்குக் கூலி கொடுத்தது. நவம்பரில் ஒரு டாலர் 4,20,000 கோடி மார்க். இழப்பீடு தங்க மார்க்கில் எழுதப்பட்டிருந்ததால் அது ஒரு காசும் கரையவில்லை. ஜெர்மன் நடுத்தர வர்க்கத்தின் சேமிப்புதான் கரைந்தது.

இங்கிருந்து தொகையின் பாதை அமெரிக்கா வழியாகப் போகிறது. 1924-இல் சிகாகோ வங்கியாளர் சார்லஸ் டாஸ் தலைமையிலான குழு மொத்தத்தொகையைத் தொடவே இல்லை. ஆண்டுத் தவணையை 100 கோடியில் தொடங்கி 250 கோடிக்கு ஏற்றி, தொடக்கத்துக்கு 80 கோடி தங்க மார்க் கடன் ஏற்பாடு செய்தது. அதில் பாதிக்கு மேல் நியூயார்க் சந்தையில் திரட்டியது. பணத்தை வசூலித்து அனுப்பப் பெர்லினில் உட்கார்ந்தவர் பார்க்கர் கில்பர்ட் என்ற முப்பத்திரண்டு வயது அமெரிக்கர். இதற்குப் பிறகு நடந்ததை ஒரே மூச்சில் சொல்லலாம்: அமெரிக்க முதலீட்டாளர் ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தார், ஜெர்மனி அதிலிருந்து பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் இழப்பீடு கட்டியது, அவர்கள் அதை வைத்து அமெரிக்காவிடம் வாங்கிய போர்க்கடனை அடைத்தார்கள். கூட்டிக் கழித்தால் ஜெர்மனிக்குள் வந்த வெளிநாட்டுப் பணம் வெளியே போன இழப்பீட்டை விட அதிகம். தனக்கு வரவேண்டிய கடனை அமெரிக்கா விட்டுவிட்டால் தானும் விடத் தயார் என்று பிரிட்டன் 1922-லேயே பால்ஃபோர் குறிப்பில் சொல்லிப் பார்த்தது. வாஷிங்டன் இரண்டு கணக்குக்கும் தொடர்பே இல்லை என்றது.

1929-இல் அமெரிக்கத் தொழிலதிபர் ஓவன் யங் தலைமையில் இன்னொரு குழு. இப்போதுதான் ஒரு முடிவுத் தேதி வந்தது: 59 ஆண்டு, 1988 வரை. தவணைகளைக் கையாள பாசல் நகரில் சர்வதேசத் தீர்வு வங்கி பிறந்தது. இழப்பீடு மறைந்துவிட்டது, அந்த வங்கி இன்றும் இருக்கிறது. தவணை உண்மையில் குறைந்திருந்தது. ஆனால் பேரப்பிள்ளைகள்வரை கட்ட வேண்டும் என்று மேடையில் சொல்ல 1988 என்ற ஆண்டு கிடைத்துவிட்டது. ஊடக முதலாளி ஹூகன்பெர்க் யங் திட்டத்துக்கு எதிராகப் பொதுவாக்கெடுப்பு கோரினார், ஹிட்லரையும் சேர்த்துக்கொண்டார். 1929 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பு படுதோல்வி. ஆனாலும் ஓரத்தில் கிடந்த கட்சியின் தலைவர் நாட்டின் எல்லாப் பத்திரிகைகளிலும் பெயர் வரும் ஆளாகிவிட்டார். யங் திட்டத்தை ஜெர்மன் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிய பிரதமர் ஹெர்மன் முல்லர், 1919-இல் கண்ணாடி மண்டபத்தில் கையெழுத்திட்டவர். அது நிறைவேறிய சில வாரத்தில், 1930 மார்ச்சில், அவர் அரசு விழுந்தது. நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு வைமர் ஜெர்மனியை ஆண்ட கடைசி அரசு அது.

அதன் பிறகு இழப்பீட்டுக்குச் சாவு விரைவாக வந்தது. 1931 ஜூனில் அமெரிக்க அதிபர் ஹூவர் ஓராண்டு எல்லாக் கட்டணத்தையும் நிறுத்திவைக்க முன்மொழிந்தார். 1932 ஜூலையில் லொசான் நகரில் கூடி, கடைசியாக 300 கோடி மார்க் மட்டும் என்று பேசி முடித்தார்கள், அதுவும் வரவில்லை. ஆணையத்தின் கணக்குப்படி ஜெர்மனி அதுவரை கட்டியது ஏறத்தாழ 2,000 கோடி தங்க மார்க். ஜெர்மனியின் சொந்தக் கணக்குப்படி 6,700 கோடிக்கு மேல். பிரான்ஸ் அந்த டிசம்பரிலேயே அமெரிக்காவுக்கான போர்க்கடன் தவணையை நிறுத்தியது. இரண்டு கணக்குக்கும் தொடர்பு இல்லை என்று பத்து ஆண்டு சாதித்த வாஷிங்டனுக்கு விடை கிடைத்தது.

நாடுகள் மன்னித்தாலும் சந்தை மன்னிப்பதில்லை. டாஸ், யங் திட்டங்களின்போது விற்ற கடன் பத்திரங்கள் உலகெங்கும் தனியார் கைகளில் இருந்தன. ஹிட்லர் அரசு அவற்றைக் கட்ட மறுத்தது. போர் முடிந்து, நாடு இரண்டாகி, 1953 பிப்ரவரி 27 அன்று லண்டனில் மேற்கு ஜெர்மனி பழைய கடன்களுக்கெல்லாம் ஒப்பந்தம் போட்டது. இம்முறை தோற்றவர் தரப்பு மேசையில் உட்கார்ந்திருந்தது. வங்கியாளர் ஹெர்மன் யோசப் ஆப்ஸ் மாதக்கணக்கில் பேசினார். கடன் சுமார் பாதியாகக் குறைந்தது. தவணைக்கு ஏற்றுமதி வருமானம் வேண்டும் என்பதைக் கடன் கொடுத்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சராக ஒரு மாதம்தான் ஆகியிருந்தார் ஜான் பாஸ்டர் டல்லஸ்.

இந்தத் தாராளத்துக்கு 1919-இன் பாடத்தைக் காரணம் காட்டுவார்கள், ஓரளவு சரி. ஆனால் சோவியத் யூனியன் எதிரே நிற்கும்போது மேற்கு ஜெர்மனி கூட்டாளியாக வேண்டியிருந்தது என்பதையும், அமெரிக்க வாக்காளர் யாரும் எலுமிச்சம்பழத்தைப் பற்றி அப்போது கேட்கவில்லை என்பதையும் விட்டுவிடக் கூடாது. தாராளம் எல்லோருக்கும் கிடைக்கவும் இல்லை. இரண்டாம் போரின் சேதக் கணக்கை இறுதித் தீர்வுவரை ஒத்திவைத்த அந்த ஒப்பந்தத்தின் வாசலில்தான் கிரேக்கத்தின் கோரிக்கை பல பத்தாண்டு நின்றது.

பழைய பத்திரங்களின் அசல் 1980-க்குள் அடைந்துவிட்டது. 1945 முதல் 1952 வரை ஓடிய வட்டியை மட்டும், ஜெர்மனி மறுபடி ஒன்றாகும் நாள் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த நாள் 1990 அக்டோபர் 3. வட்டிக்கு இருபதாண்டுப் புதுப் பத்திரங்கள் வெளியாயின. 2010 அக்டோபர் 3 அன்று, ஒன்றிணைந்த ஜெர்மனியின் இருபதாவது ஆண்டு நிறைவு நாளில், கடைசித் தவணையாக ஏறத்தாழ ஏழு கோடி யூரோ கணக்கில் ஏறியது. அதில் ஒரு காசும் பிரெஞ்சு அரசுக்கோ பிரிட்டிஷ் அரசுக்கோ இழப்பீடாகப் போகவில்லை. அந்தக் காகிதங்களை யார் கடைசியாகக் கையில் வைத்திருந்தார்களோ, அவர்களுக்குப் போனது.